லைன் செத்ததை யார் சொல்வது? ஈதர்நெற் பழுதறியும் இரு முறைகள், வன்னியை முன்வைத்து

கிளிநொச்சியில் ஒரு ரவுட்டர். அதன் போர்ட்டில் பச்சை விளக்கு எரிகிறது. உள்ளே போய்க் கேட்டாலும் இணைப்பு நலமாக இருக்கிறது என்றே சொல்கிறது. முல்லைத்தீவுக் கிளைக்கோ ஒரு பொதியும் போய்ச் சேரவில்லை. கிளையில் இருப்பவர் கைத்தொலைபேசியில் எடுத்து, "சிஸ்டம் வேலை செய்யேல்லை, அங்க என்னண்டு ஒருக்காப் பாருங்கோ" என்ற பிறகுதான் தலைமை அலுவலகத்துக்கே விஷயம் தெரியவருகிறது. இன்னொரு நிறுவனத்திடம் இரண்டாவது லைன் எடுத்து, மாதா மாதம் அதற்கும் காசு கட்டிக்கொண்டிருந்தாலும் பயனில்லை. முதல் லைன் செத்தது ரவுட்டருக்குத் தெரியாதவரை அது இரண்டாவது லைனைத் தொடாது.

அந்தச் செய்தியை ரவுட்டருக்குச் சொல்லும் இரண்டு முறைகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, வயரின் மறுமுனையில் இருக்கும் அயல் பெட்டியை மட்டும் கண்காணிப்பது. மற்றது, இடையில் எத்தனை பெட்டி இருந்தாலும் கடைசி முனை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. பாடநூல்கள் 'இரண்டும் ஒன்றையொன்று நிரப்புவன' என்று ஒரே வரியில் முடித்துவிடும். அது பொய்யல்ல. ஆனால் வன்னியின் தூரங்களையும் மின்வெட்டுகளையும் வைத்துப் பார்த்தால், யாருக்கு எது வேண்டும், எதை முதலில் போட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை உண்டு.

முதலில் பச்சை விளக்கு ஏன் நம்மை ஏமாற்றுகிறது என்பதைப் பார்த்துவிடலாம். அந்த விளக்கு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த பெட்டியிலிருந்து சிக்னல் வருகிறது. அந்த அடுத்த பெட்டி பெரும்பாலும் அதே அறையில், ரவுட்டருக்கு ஒரு முழம் தள்ளி இருக்கும். பைபரைச் செப்பு வயராக மாற்றும் மீடியா கன்வேர்ட்டர், அல்லது லைன் தந்த நிறுவனம் வைத்துவிட்டுப்போன சிறு சுவிட்ச். அதற்கு அப்பால் பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஏ35 வீதி நெடுக எங்கே பைபர் அறுந்தாலும் இந்தச் சிறு பெட்டிக்கு மின்சாரம் இருக்கும்வரை ரவுட்டரின் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். பைபர் பக்கம் இருண்டால் செப்புப் பக்கத்தையும் இருட்டாக்கும் வசதி சில கன்வேர்ட்டர்களில் உண்டு. அதற்கான குட்டிச் சுவிட்ச் பல இடங்களில் தொடப்படாமலே கிடக்கும். மைக்ரோவேவ் இணைப்பிலும் இதே கதைதான். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே கொக்காவிலில் 2011இல் திறக்கப்பட்ட 174 மீற்றர் கோபுரம் போன்ற உயரங்களிலிருந்து வரும் அலை, கடும் மழையில் தேய்ந்து போகலாம். கீழே அறையில் இருக்கும் ஈதர்நெற் வயருக்கு அது எதுவும் தெரியாது.

இது ஈதர்நெற்றின் பிறவிக் குறை. 1973இல் கலிபோர்னியாவில் ஸெரொக்ஸ் ஆய்வுகூடத்தில் அது உருவானபோது ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளை இணைப்பதே அதன் வேலை. வயர் கழன்றால் எழுந்துபோய்ப் பார்த்துச் செருகிவிடலாம். அந்தக் காலத்தில் ஊர்களை இணைத்தவை தொலைபேசி நிறுவனங்களின் லைன்கள். பின்னாளில் வந்த எஸ்.டி.எச். என்ற முறையில் செக்கனுக்கு 8,000 சட்டங்கள் (பிரேம்கள்) ஓடும். ஒவ்வொன்றிலும் லைனின் நலம் பற்றிய குறிப்பு இருக்கும். அறுந்த அக்கணமே இரு முனையிலும் அபாய மணி அடிக்கும். 50 மில்லி செக்கனுக்குள் மாற்றுவழிக்குத் தாவும். ஈதர்நெற் மலிவானது, வேகமானது என்று அந்த லைன்களுக்குப் பதிலாக இதை வைத்தபோது, அந்த விழிப்பை விட்டுவிட்டு வந்தோம். விட்டதை மீட்கத்தான் இந்த இரு தரங்களும் எழுதப்பட்டன.

முதலாவது, ஐ.ஈ.ஈ.ஈ. 2004இல் வெளியிட்ட 802.3ஏஎச். 'லிங்க் ஓ.ஏ.எம்.' என்று பேச்சில் சொல்வார்கள். வயரின் இரு முனைப் பெட்டிகளும் வழமையாகச் செக்கனுக்கு ஒரு சிறு செய்தியைப் பரிமாறிக்கொள்ளும். ஐந்து செக்கன் எதுவும் வராவிட்டால் அயல் பெட்டி இல்லை என்று முடிவுகட்டும். ஒரு பக்கம் முதலில் பேச்சைத் தொடங்கும் நிலையிலும், மறுபக்கம் பதில் மட்டும் சொல்லும் நிலையிலும் இருக்கலாம். வழக்கத்தில் நிறுவனத்தின் பெட்டி தொடங்கும், வாடிக்கையாளரின் பெட்டி பதில் சொல்லும். முக்கியமான விதி இதுதான்: இந்தச் செய்தியை எந்த சுவிட்ச்சும் அடுத்த போர்ட்டுக்குக் கடத்தாது. ஒரே ஒரு தாண்டல், அவ்வளவே.

லைன் சாவதற்கு முன்பே நோயைக் காட்டுவது இதன் பெரிய பலம். கெட்ட சட்டங்கள் குறித்த அளவைத் தாண்டினால் அயலுக்குத் தெரிவிக்கும். தூசு படிந்த கனெக்டர், இறுக்கிக் கட்டியதால் மடிந்த பைபர், மாரி மழையில் ஈரம் உட்புகுந்த மூட்டு, இவையெல்லாம் ஒரேயடியாக அறுவதில்லை. முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பிழை வரும். அந்தக் கணக்கைத் தினமும் பார்க்கும் பழக்கமுள்ள நிறுவனம் லைன் விழுவதற்கு முன்பே ஆளை அனுப்பிவிடலாம்.

ஆனால் வன்னிக்கு இந்த முறையில் கிடைக்கும் மிகப் பெரிய கொடை 'இறுதி மூச்சு' எனப்படும் செய்திதான். பெட்டிக்கு மின்சாரம் போகிறது. உள்ளே ஒரு கொண்டென்சரில் சில மில்லி செக்கனுக்குப் போதுமான மின் மிச்சம் இருக்கிறது. அதை வைத்து அந்தப் பெட்டி கடைசியாக ஒரு செய்தி அனுப்புகிறது: எனக்குக் கரண்ட் போகிறது. பிறகு அணைகிறது. இவ்வளவுதான். இந்த ஒற்றைச் செய்தி எவ்வளவு அலைச்சலை மிச்சப்படுத்தும் என்பதை வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கு ஒரு பழுதுபார்க்கும் குழுவை அனுப்பியவர்கள் அறிவார்கள். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் தாண்டி மாங்குளம். அங்கிருந்து ஏ34இல் திரும்பி ஒட்டுசுட்டான், முள்ளியவளை. போய் இறங்கிய பிறகு, பைபரில் பழுதே இல்லை, கிளையின் யூ.பி.எஸ். தீர்ந்துவிட்டது என்று தெரிந்தால்? அல்லது ஜெனரேற்றரோடு போன இடத்தில், வாய்க்கால் வெட்டிய பெக்கோ பைபரை இழுத்துப் போட்டிருந்தால்? ஒன்றுக்கு ஜெனரேற்றர் வேண்டும், மற்றதற்கு ஸ்பிளைசிங் இயந்திரம் வேண்டும். புறப்படுவதற்கு முன்பே எது என்று தெரிவதுதான் இங்கே பாதி வேலை.

2022ஐ நினைத்துப் பாருங்கள். அந்த மார்ச் 31இல் நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு. கோபுரங்களிலும் வீதியோரப் பெட்டிகளிலும் இருந்த பற்றரிகள் அதற்காக வைக்கப்பட்டவை அல்ல. தீர்ந்த பற்றரி முழுதாக ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு இலங்கையும் ஒரே நேரத்தில் இருண்டது. இப்படிப்பட்ட நாள்களில் கண்காணிப்புத் திரையில் நூறு லைன்கள் ஒன்றாகச் சிவக்கும். அவற்றில் எவை கரண்ட் வந்ததும் தாமே எழும், எவற்றுக்கு ஆள் போக வேண்டும் என்று பிரித்தறிய, இறுதி மூச்சு வந்ததா இல்லையா என்பதைவிட எளிய அடையாளம் எனக்குத் தெரியாது. மலிவான பெட்டிகள் பலவற்றில் அந்தக் கொண்டென்சர் இருப்பதில்லை. கேள்விப்பத்திரம் கோரும்போதே இந்த வசதியை ஒரு நிபந்தனையாக எழுதிவிட வேண்டும்.

இத்தனை பலமும் ஒரு தாண்டலோடு நின்றுவிடுகிறது. முல்லைத்தீவுக் கிளைப் பெட்டியின் இறுதி மூச்சு அதற்கு அடுத்த நிறுவனப் பெட்டிக்குக் கேட்கும். கிளிநொச்சியில் இருக்கும் வாடிக்கையாளரின் ரவுட்டருக்குக் கேட்காது. இரணைமடுக் குளத்தில் துருசு திறந்திருக்கிறது என்பதைக் கட்டில் நிற்பவர் சொல்லலாம். வாய்க்காலின் கடைசிக் காணிக்குத் தண்ணீர் ஏறியதா என்பதை அந்தக் காணிக்காரர்தான் சொல்ல வேண்டும்.

கடைசி முனையைப் பேசவைக்கும் முறைதான் இரண்டாவது. 2007இல் வந்த 802.1ஏஜி; சி.எவ்.எம். என்பது அதன் வழக்குப் பெயர். தொலைத்தொடர்பு உலகில் ஐ.ரி.யு. 2006இல் வெளியிட்ட ஒய்.1731 இதன் உடன்பிறப்பு. அதே செய்தி அமைப்போடு தாமதம், இழப்பு ஆகியவற்றை அளக்கும் வசதிகளையும் சேர்த்துத் தருகிறது.

சி.எவ்.எம்.மில் லைனின் இரு நுனிகளிலும் ஒவ்வொரு முனை வைக்கப்படும். மெப் என்று சொல்வார்கள். இரு மெப்களும் குறித்த இடைவெளியில் ஒன்றுக்கொன்று துடிப்புச் செய்தி அனுப்பும். இது சாதாரண ஈதர்நெற் சட்டமாகவே போவதால் இடையிலுள்ள சுவிட்ச்சுகள் அதைக் கடத்திவிடும். பயனரின் தரவு போகும் அதே வி-லானில், அதே பாதையில் போகும். மூன்றரை இடைவெளிக்கு மறுமுனையின் துடிப்பு வராவிட்டால் பழுது. எனக்கு உன் துடிப்பு வரவில்லை என்பதையும் தன் துடிப்பிலேயே குறித்து அனுப்புவதால், ஒருபக்கம் மட்டும் அறுந்த லைனும் இரு பக்கத்துக்கும் தெரிந்துவிடும். பைபர் சோடியில் ஒன்று மட்டும் போகும் பழுதைக் கையாண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதில் அழகாக யோசிக்கப்பட்ட இடம் மட்டங்கள். பூச்சியம் முதல் ஏழு வரை எட்டு மட்டங்கள் உண்டு. வழக்கத்தில் 5, 6, 7 வாடிக்கையாளருக்கு. 3, 4 சேவை தரும் நிறுவனத்துக்கு. 0, 1, 2 அடியில் கம்பி வைத்திருக்கும் இயக்குநருக்கு. மேல் மட்டச் செய்தி கீழ் மட்ட முனையைத் தொடாமல் தாண்டிப் போகும்; கீழ் மட்டச் செய்தி மேல் மட்ட முனையைத் தாண்டி வெளியே கசியாது. ஒரே வயரில் மூவர் தத்தம் பொறுப்பை மட்டும் பார்த்துக்கொள்ளலாம், ஒருவர் வீட்டை மற்றவர் எட்டிப் பார்க்கவேண்டியதில்லை.

கட்டமைக்கும்போது என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். கிளிநொச்சியில் ஒரு ரவுட்டர், முல்லைத்தீவில் ஒன்று, நடுவில் வாடகை லைன், அதற்கு ஒரு வி-லான் எண். முதலில் ஒரு டொமைன் பெயரும் மட்டமும் கொடுக்கவேண்டும்; வாடிக்கையாளர் என்பதால் 5 என்று வைப்போம். அதற்குள் ஒரு சேவைப் பெயர். துடிப்பு இடைவெளி ஒரு செக்கன். கிளிநொச்சி மெப்புக்கு எண் 10, முல்லைத்தீவு மெப்புக்கு 20. இரண்டையும் வெளியே வயரைப் பார்த்தபடி வைக்கவேண்டும். அதற்கு டவுண் மெப் என்று பெயர். உள்ளே சுவிட்ச் பக்கம் பார்ப்பது அப் மெப்; அது நிறுவனத்தின் பெட்டிக்கு உரியது, இங்கே போட்டால் எதுவும் கேட்காது.

இந்தச் சில வரிகளுக்குள்ளேயே ஒரு பிற்பகலை விழுங்கும் தவறுகள் இருக்கின்றன. டொமைன் பெயரிலோ சேவைப் பெயரிலோ ஒரு பக்கம் பெரிய எழுத்தும் மறுபக்கம் சின்ன எழுத்தும் விழுந்தால், ரவுட்டர் அதை வேறு யாரோ ஒருவரின் சேவை தவறிப்போய் நம் லைனில் கலந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். இடைவெளி ஒத்துப்போகாவிட்டால் துடிப்பு வந்துகொண்டிருந்தும் பிழை என்றே சொல்லும். மட்டம் ஒன்றுக்கொன்று மாறியிருந்தால் ஒரு பக்கம் கலப்பு என்றும் மறுபக்கம் ஆளையே காணோம் என்றும் இரண்டு வெவ்வேறு முறைப்பாடுகள் வரும். இரண்டு ஊரில் இரண்டு பேர் தொலைபேசியில் பேசிக்கொண்டு திரையைப் பார்த்தால், ஒரே பழுதைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதே புரியாது.

இவற்றைவிடக் கவனிக்கவேண்டிய ஒரு வரி உண்டு. எதிர்முனை எண் 20 கட்டாயம் இருக்கவேண்டும் என்று ரவுட்டரில் எழுதிவைப்பது, குறொஸ்-செக் என்பார்கள். இதை எழுதாவிட்டால், ரவுட்டர் தான் ஒருமுறை கேட்ட துடிப்பு நின்றால்தான் பழுது என்று சொல்லும். கிளிநொச்சி ரவுட்டரே மின்வெட்டில் அணைந்து மீண்டும் எழுகிறது, அதற்குள் முல்லைத்தீவு லைன் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுந்த ரவுட்டர் 20ஐ ஒருபோதும் கேட்டதில்லை. கேட்காத ஒன்றைக் காணவில்லை என்று அதற்கு எப்படித் தெரியும்? எல்லாம் பச்சையாகவே இருக்கும். கொழும்பின் தரவு மையங்களில் இந்த வரியை மறந்தாலும் பல வருடம் ஓடிவிடலாம். இங்கே மறக்கக்கூடாது.

பழுதை அறிவது ஒரு வேலை. அறிந்தபின் ஏதாவது செய்வது இன்னொரு வேலை. பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். பதிவேட்டில் ஒரு வரி விழுகிறது, யாரும் பார்ப்பதில்லை, பொதிகள் செத்த லைனுக்குள் போய்க்கொண்டேயிருக்கின்றன. சிஸ்கோவின் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஆர். ரவுட்டர்களில் இதற்கென்றே ஈதர்நெற் போல்ற் டிடெக்ஷன், சுருக்கமாக ஈ.எவ்.டி., என்ற வசதி இருக்கிறது. ஜூனிப்பரில் அக்சன் புரொபைல் வழியாக இதே காரியத்தைச் செய்யலாம். சி.எவ்.எம். சேவையின் கீழ் ஈ.எவ்.டி. என்ற ஒரு சொல்லைப் போட்டால், பழுது தெரிந்தவுடன் அந்த இடைமுகம் விழுந்ததாக மேலே இருக்கும் எல்லாவற்றுக்கும் காட்டப்படும். ரவுட்டிங் உடனே மாறும். இல்லையென்றால் ரவுட்டிங் நெறிமுறைகளில் ஓ.எஸ்.பி.எவ். வழமையான அமைப்பில் 40 செக்கன் காத்திருக்கும், பி.ஜி.பி. பல ரவுட்டர்களில் மூன்று நிமிடம் காத்திருக்கும். நம் பக்கத்துச் சிறிய அலுவலகங்கள் பெரும்பாலும் இவை எதையும் வைத்திருப்பதில்லை. கையால் எழுதிய நிலையான வழிகள்தான். நிலையான வழி, இடைமுகம் விழுந்தால் மட்டுமே விலகும். இல்லையேல் எத்தனை மணிநேரமானாலும் செத்த லைனையே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பெரிய வலையமைப்புகளைவிட, இரண்டு லைனும் நான்கு நிலையான வழியும் வைத்திருக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கோ சிறு வங்கிக் கிளைக்கோதான் இது அதிகம் வேண்டும்.

ஈ.எவ்.டி.யை லிங்க் ஓ.ஏ.எம்.முடனும் பூட்டலாம். அங்கே ஒரு தெரிவு வரும். பழுது வந்தால் என்ன செய்வது என்பதற்குப் பதிவேட்டில் எழுது, ஈ.எவ்.டி. செய், போர்ட்டையே மூடு என்று பல விடைகள் உண்டு. போர்ட்டை மூடுவது பார்வைக்குக் கறாரான, பாதுகாப்பான தெரிவாகத் தெரியும். வன்னியில் அதைத் தெரிவுசெய்யாதீர்கள். மூடிய போர்ட்டில் கண்காணிப்புச் செய்தியும் ஓடாது. கரண்ட் திரும்பி வந்து அயல் பெட்டி எழுந்து நின்றாலும், யாராவது உள்நுழைந்து திறக்கும்வரை, அல்லது தானாகத் திறக்கும்படி முன்பே நேரம் குறித்திருந்தால் அந்த நேரம் வரும்வரை, போர்ட் மூடியே கிடக்கும். ஈ.எவ்.டி. அப்படியல்ல. மேலே இருப்பவற்றுக்குத்தான் லைன் விழுந்ததாகக் காட்டும். அடியில் துடிப்பு தொடர்ந்து போய்வர இடம்விடும். மறுமுனை பேசத் தொடங்கியதும் லைன் தானாக எழும். ஒரு நாளில் பலமுறை கரண்ட் போய் வரும் ஊரில், இரவு பத்து மணிக்குப் புதுக்குடியிருப்பில் ஒரு போர்ட்டைத் திறக்க ஆள் தேடுவதா, தேடாதிருப்பதா என்பது இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

சி.எவ்.எம்.முடன் ஈ.எவ்.டி.யைப் பூட்டும்போதும் ஒரு பொறி உண்டு. தலைமை அலுவலகத்தில் ஒரே வி-லானில் முல்லைத்தீவு, மல்லாவி, நெடுங்கேணி என்று மூன்று கிளைகள் தொங்கினால், மூன்றும் ஒரே சேவையின் முனைகளாகின்றன. நெடுங்கேணியின் துடிப்பு மட்டும் நின்றாலும் சேவையில் பழுது பழுதுதான்; நலமாக இருக்கும் மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு தலைமை அலுவலக இடைமுகமே விழுந்துவிடும் அபாயம் இருக்கிறது. கிளைக்கொரு வி-லான், வி-லானுக்கொரு துணை இடைமுகம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சேவை என்று பிரித்த பிறகே ஈ.எவ்.டி.யைத் தொடவேண்டும்.

துடிப்பின் இடைவெளி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 3.33 மில்லி செக்கனிலிருந்து 10 நிமிடம் வரை ஏழு அளவுகள் தரத்தில் உள்ளன. மிக வேகமானதைப் போட்டால் செக்கனுக்கு 300 செய்திகள். ஏறத்தாழ 12 மில்லி செக்கனில் பழுது தெரியும். பரந்தன், மாங்குளம், முல்லைத்தீவு என்று ஏ9, ஏ34, ஏ35 வீதிகள் வரையும் முக்கோணத்தில் ஒரு நிறுவனம் பைபர் வளையம் போட்டு, 2008இல் வந்த ஜி.8032 முறைப்படி 50 மில்லி செக்கனில் திசைமாற்ற நினைத்தால் அந்த வேகம் வேண்டும், அதைத் தாங்கும் வன்பொருளும் வேண்டும். கிளையும் தலைமையுமாக இருக்கும் வாடிக்கையாளருக்கு ஒரு செக்கன் போதும். மூன்றரைச் செக்கனில் தெரிந்துவிடும். மைக்ரோவேவ் துணுக்குத் துணுக்காகத் தேயும் மழைநாளில் அதைவிட வேகமான துடிப்பு, லைனை விழுத்தி எழுப்பி விழுத்தி எழுப்பி நல்ல லைனையும் பாவிக்க முடியாததாக்கும்.

பழுது எங்கே என்று தேடும் வேலையில் இரண்டும் வெகுதூரம் விலகுகின்றன. லிங்க் ஓ.ஏ.எம்.மில் அயல் பெட்டியைக் கண்ணாடியாக்கி, அனுப்பிய சட்டங்களை அப்படியே திருப்பி அனுப்பச் சொல்லலாம். சோதிக்கும் அந்த நேரம் முழுக்கப் பயனரின் தரவு நின்றுவிடும். ஆகவே அலுவலக நேரத்தில் தொடக்கூடாது. சி.எவ்.எம்.மின் திருப்பிக் கேட்கும் செய்தியும் பாதையைத் தேடும் செய்தியும் ஓடும் லைனில் ஓடும்போதே வேலை செய்யும். நிறுவனம் தன் மட்டத்தில் மாங்குளம், ஒட்டுசுட்டான், முள்ளியவளைப் பெட்டிகளில் இடைப்புள்ளிகள் வைத்திருந்தால், வவுனியாவிலிருந்து ஒருமுறை கேட்டதும் எந்தப் பெட்டிவரை பதில் வருகிறது என்று தெரிந்துவிடும். ஒட்டுசுட்டான் பேசுகிறது, முள்ளியவளை பேசவில்லை என்றால் தேடவேண்டிய துண்டு அதுதான். இந்தக் கூர்மை வாடிக்கையாளருக்குக் கிடையாது. அவர் மட்டத்தில் நிறுவனம் இடைப்புள்ளி வைத்துக்கொடுத்தாலன்றி, நடுப்பாதை அவருக்கு இருட்டுத்தான்.

தாமத அளவு என்றொரு வசதி ஒய்.1731இல் உண்டு என்றேனே, அதற்கு இங்கே ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது. பைபரில் ஒளி ஒரு கிலோமீற்றர் போக ஏறத்தாழ 5 மைக்ரோ செக்கன் ஆகும். கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக்கு 60 கிலோமீற்றர் பைபர் என்றால் ஒருவழிக்கு 0.3 மில்லி செக்கன். அது திடீரென்று மூன்று மில்லி செக்கனைத் தாண்டினால் லைன் விழவில்லை, ஆனால் 600 கிலோமீற்றருக்கு மேல் சுற்றி, கொழும்புப் பக்கம் போய் வருகிறது என்று ஊகிக்கலாம். அப்படியானால் நேர்வழி எங்கோ அறுந்திருக்கிறது. இப்போது ஓடுவது கடைசி வழி. அதுவும் போவதற்குமுன் முறைப்பாடு செய்ய அவகாசம் கிடைக்கிறது.

இரு முனையிலும் ரவுட்டர் நம்முடையதாக இருந்தால் பி.எவ்.டி. என்ற மூன்றாவது வழியும் உண்டு, 2010இல் ஆர்.எவ்.சி. 5880ஆக வந்தது. அது ஐ.பி. மட்டத்தில் வேலை செய்வதால் இடையில் இருப்பவர் அனுமதி தேவையில்லை. சில நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சி.எவ்.எம். செய்திகளைக் கடத்தாமல் விழுங்கிவிடும். அங்கே இதுதான் கைகொடுக்கும். எனினும் லைன் வாங்கும்போதே, 5 முதல் 7 வரை மட்டச் செய்திகளைத் தொடாமல் கடத்தவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்பதே முறை. கேட்பதற்குக் காசு இல்லை.

ஆக, யாருக்கு எது? லைன் தரும் நிறுவனத்துக்கு முதலில் லிங்க் ஓ.ஏ.எம்., அதிலும் இறுதி மூச்சு. அதில்லாமல் வன்னியில் பழுதுக் குழுவை நடத்துவது குருட்டாட்டம். லைன் வாங்கும் அலுவலகத்துக்கு முதலில் சி.எவ்.எம்., குறொஸ்-செக்குடனும் ஈ.எவ்.டி.யுடனும். அயல் பெட்டி நலமா என்பது அவர்களுக்கு வேண்டாத தகவல். அந்தப் பெட்டி அவர்களுடையதுமல்ல. நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது: வாடிக்கையாளர் போர்ட் விளக்கை நம்பியிருக்கிறார், நிறுவனம் வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்பை நம்பியிருக்கிறது.

இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் ஆத்திரமும் உண்டு. 2006 ஆகஸ்டில் ஏ9 மூடப்பட்டபோது இந்த நிலம் எப்படித் துண்டிக்கப்பட்டது என்பதை அனுபவித்தவர்கள் இன்றும் இங்கே வாழ்கிறார்கள். இப்போது வீதி திறந்திருக்கிறது, பைபர் ஓடுகிறது. பம்பைமடுவில் 2021 ஆகஸ்ட் முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்து இயங்குகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. ஆசுப்பத்திரியின் ஆய்வுகூட முடிவும் பிள்ளையின் இணையவழி வகுப்பும் நகை அடகு வைக்க வந்த விவசாயியின் கணக்கும் இந்த லைன்களில்தான் போய்வருகின்றன. ரவுட்டரில் ஏற்கெனவே இருக்கும், காசு கொடுத்து வாங்கிவிட்ட ஒரு வசதியை யாரும் திறந்துவிடாததால் அவர்கள் அரைநாள் காத்திருப்பதை நியாயப்படுத்த முடியாது. அறிவியல் நகரில் படிக்கும் பொறியியல் மாணவர்கள் இரண்டு ரவுட்டரையும் நடுவில் இரண்டு சுவிட்ச்சையும் ஒரு மேசையில் வைத்து இந்தப் பழுதுகளை ஒவ்வொன்றாக உண்டாக்கிப் பார்த்தால், வெளியே வரும்போது பத்து மாவட்ட அலுவலகங்களுக்கு உதவக்கூடியவர்களாக வருவார்கள்.

கட்டமைத்து முடிந்ததும் சோதிக்காமல் விடக்கூடாது, சோதனை மூன்று. முதலில் கிளைப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்குங்கள். நிறுவனத்தின் பக்கம் இறுதி மூச்சு பதிவாகவேண்டும், கிளிநொச்சியில் மூன்றரைச் செக்கனில் வழி மாறவேண்டும். பிளக்கைத் திரும்பப் போட்டு, எவரும் கைவைக்காமல் பழைய வழி திரும்புகிறதா என்று பாருங்கள். அடுத்து, நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு நடுவில் ஓரிடத்தில் பைபரைக் கழற்றச் சொல்லுங்கள். இம்முறை வழி மாறவேண்டும், ஆனால் இறுதி மூச்சு வரக்கூடாது. பிறகு, பைபர் கழன்ற நிலையிலேயே கிளிநொச்சி ரவுட்டரை அணைத்து எழுப்புங்கள். எழுந்ததும் அது 20ஐக் காணவில்லை என்று சொன்னால் பைபரை மாட்டச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.